குளிசை காவல் ஆகாது

உடம்பில் ஒட்சியேற்றம் கூடினால் புற்றுநோய் வரும். அதைத் தடுக்கும் குளிசையைப் போட்டுக்கொண்டால் புற்றுநோய் அண்டாது. கொழும்பில் இன்று இதைச் சந்தேகிப்பவர்கள் குறைவு. வத்தளையில் நீர்கொழும்பு வீதி நெடுக உள்ள பாமசிகளிலும், வெள்ளவத்தையிலும், கொட்டாஞ்சேனையிலும் கண்ணாடி அலுமாரியில் முதலில் கண்படும் தட்டு இந்த நம்பிக்கைக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. விற்றமின் ஈ, விற்றமின் சி, பீட்டா கரோட்டீன், செலீனியம், பச்சைத் தேயிலைச் சாறு என்று வரிசையாகப் போத்தல்கள். கடையில் வாங்காத வீடுகளுக்கு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் உறவினர் பயணப்பெட்டியில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். நன்றாகப் படித்தவர்களே, "அன்ரிஒக்சிடன்ற்தானே, உடம்புக்கு நல்லதுதானே, போட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள்.

அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லியாக வேண்டும். முதற் கூற்றில் உண்மை இருக்கிறது. இரண்டாவது கூற்று, ஆயிரக்கணக்கான மனிதர்களிடம் வருடக்கணக்காகச் சோதித்துப் பார்த்தபோது தோற்றுப்போனது. சிலருக்கு அது தீங்காகவே முடிந்தது. இதிலும் பெரிய கேடு ஒன்று உண்டு. ஒட்சியேற்றத்தால் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் நம் வீட்டு வெற்றிலைத் தட்டிலேயே இருக்கிறது. நாமோ காவலைப் பாமசியில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அறிவியலுக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுவோம். மூச்சில் இழுக்கும் ஒட்சிசனைக் கொண்டே நம் கலங்கள் சக்தியை உண்டாக்குகின்றன. அந்த வேலையின்போது சுப்பர் ஒட்சைட்டு, ஐதரசன் பரவொட்சைட்டு முதலான, எதோடும் சட்டென்று வினைபுரியும் மூலக்கூறுகள் பிறக்கின்றன. சிகரெட் புகையும் கதிர்வீச்சும் ஆறாத அழற்சியும் அவற்றைப் பெருக்குகின்றன. உடம்பின் தடுப்பு நொதியங்களால் சமாளிக்க முடியாத அளவுக்கு அவை கூடும் நிலைதான் ஒட்சியேற்ற அழுத்தம். அப்போது டி.என்.ஏ.யில் உள்ள குவானீன் சிதைகிறது. கலம் பிரியும்போது அந்த இடத்தில் பிறழ்வு விழ இடமுண்டு. சிதைந்த குவானீனின் எச்சம் சிறுநீரில் கழிவதால் அதை அளக்கவும் முடியும். டென்மார்க்கில் 50,000க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஒரு பெரும் ஆய்விலிருந்து ஸ்டெஃபன் லொஃப்ட் குழுவினர் 2006இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒருபோதும் புகைக்காதவர்களிடையே, இந்த எச்சம் அதிகம் கழிந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகமாக வந்திருந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோதோ அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. ஆக, ஒட்சியேற்றத்துக்கும் புற்றுநோய்க்கும் உறவு உண்டு. ஆனால் அது விளம்பரம் காட்டுவதுபோல நேர்க்கோட்டு உறவு அல்ல.

இந்த உறவிலிருந்து குளிசைக்குத் தாவியது எப்படி? 1956இல் டென்ஹம் ஹார்மன், இத்தகைய துடிப்பான மூலக்கூறுகளே முதுமைக்குக் காரணம் என்ற கொள்கையை முன்வைத்தார். இரு முறை நோபல் பரிசு பெற்ற லைனஸ் போலிங், பெரிய அளவில் விற்றமின் சி கொடுத்தால் புற்றுநோயாளர் கூடுதல் காலம் வாழ்வார்கள் என்று 1970களில் எழுதினார். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையம் அதை முறைப்படி சோதித்து, பயன் இல்லை என்று 1979இலும் 1985இலும் அறிவித்தது. சோதனையின் முடிவு மறந்துபோயிற்று. பரிசு பெற்றவரின் பெயர் நிலைத்துவிட்டது. இதற்கிடையில், மரக்கறியும் பழமும் நிறையச் சாப்பிடுவோருக்குச் சில புற்றுநோய்கள் குறைவு என்று நாடு நாடாகத் தரவுகள் வந்தன. அவர்களின் இரத்தத்தில் பீட்டா கரோட்டீன் கூடுதலாக இருந்தது. உடனே பலரும் கரட்டை விட்டுவிட்டுக் கரோட்டீனைப் பிடித்துக்கொண்டார்கள்.

நோய்ப்பரவியல் அறிஞர்கள் அப்போதே எச்சரித்திருந்தார்கள். புகையிலையின் கொடுமையை உலகுக்கு நிறுவிய ரிச்சர்ட் டோலும் ரிச்சர்ட் பீட்டோவும் சக அறிஞர்களுடன் 1981இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை, உணவிலுள்ள பீட்டா கரோட்டீன் புற்றுநோயைக் குறைக்குமா என்பதைக் கேள்வியாகவே வைத்தது. மனிதரிடம் முறையாகச் சோதித்துப் பார்க்காமல் முடிவுக்கு வரலாகாது என்றது. காரணம் எளிது. பழம் நிறையச் சாப்பிடுபவர் பெரும்பாலும் குறைவாகப் புகைப்பவர், குறைவாகக் குடிப்பவர், வசதி உள்ளவர், வருத்தம் வந்தால் உடனே வைத்தியரிடம் போகிறவர். அவரைக் காத்தது எது என்று பார்வையால் மட்டும் பிரித்தறிய முடியாது. சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல ஆட்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் குளிசையும் மறுபகுதியினருக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிசையும் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால்தான் தெரியும்.

காத்திருந்தார்கள். பின்லாந்தில் 50 முதல் 69 வயது வரையான, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர் சேர்க்கப்பட்டார்கள். நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டீன் சிலருக்கு, 50 மில்லிகிராம் விற்றமின் ஈ சிலருக்கு, இரண்டுமே சிலருக்கு, வெற்றுக் குளிசை மற்றவர்களுக்கு. 1994 ஏப்ரலில் வந்த முடிவு மருத்துவ உலகையே உலுக்கியது. பீட்டா கரோட்டீன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். மொத்த மரணங்கள் 8 சதவீதம் அதிகம். விற்றமின் ஈ நுரையீரலைக் காக்கவில்லை.

இது தற்செயலாக இருக்கலாம் என்றார்கள். அமெரிக்காவில் புகைப்பவர்கள், புகையை விட்டவர்கள், அஸ்பெஸ்டஸ் தூசியில் வேலை செய்தவர்கள் என 18,314 பேரிடம் கில்பர்ட் ஒமென் தலைமையில் இன்னோர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. பீட்டா கரோட்டீனும் விற்றமின் ஏயும் சேர்த்துக் கொடுத்தார்கள். குளிசை எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் மரணம் 17 சதவீதமும் கூடியிருந்தன. முடிய வேண்டிய காலத்துக்கு 21 மாதங்கள் முன்பாகவே, 1996 ஜனவரியில் ஆய்வை நிறுத்தினார்கள். அடுத்து விற்றமின் ஈயும் செலீனியமும். 35,533 ஆண்களிடம் நடந்த அந்த ஆய்வு, பயன் தெரியாததால் 2008இல் நிறுத்தப்பட்டது. 2011இல் திரும்பக் கணக்கெடுத்தபோது, விற்றமின் ஈ எடுத்தவர்களிடையே புரொஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமாகியிருந்தது. 2007இல் 68 ஆய்வுகளையும் 2,32,606 பேரையும் தொகுத்துப் பார்த்தார்கள். நம்பகமாக நடத்தப்பட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், பீட்டா கரோட்டீன், விற்றமின் ஏ, விற்றமின் ஈ ஆகியவை ஆயுளைக் கூட்டவில்லை. மரணத்தையே சற்றுக் கூட்டின. புற்றுநோயையும் இதய நோயையும் தடுப்பதற்காக பீட்டா கரோட்டீனையோ விற்றமின் ஈயையோ எடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிபுணர் குழு 2022இல் திட்டவட்டமாகப் பரிந்துரைத்தது.

போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு இவைதான் பதில். வீட்டில் புகைபிடிக்கும் அப்பாவுக்கோ, புகையை விட்டுவிட்ட பெரியப்பாவுக்கோ பாசத்தோடு வாங்கிக் கொடுக்கும் பீட்டா கரோட்டீன் போத்தல், அவர் நுரையீரலுக்குச் செய்யக்கூடியது இது.

ஏன் இப்படி ஆகிறது? ஒட்சியேற்ற மூலக்கூறுகளை எதிரி என்று மட்டுமே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உடம்பு அவற்றை ஆயுதமாகவும் வைத்திருக்கிறது. கிருமியைக் கொல்ல வெண்குருதிக் கலம் அவற்றைத்தான் பொழிகிறது. கெட்டுப்போன கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் முறைகள் சிலவும் அவற்றை நம்பியே இயங்குகின்றன. புற்றுக்கலமும் ஒட்சியேற்ற அழுத்தத்தில் தத்தளிக்கும் கலம்தான். அதற்குக் குளிசை உதவிக்கு வந்தால் அது பிழைத்துக்கொள்ளும். சுவீடனில் மார்ட்டின் பெர்கோ குழுவினர் 2014இல், தொடக்க நிலையில் நுரையீரல் கட்டி உள்ள எலிகளுக்கு விற்றமின் ஈயும் அசெற்றைல்சிஸ்டீன் என்ற இன்னோர் ஒட்சியேற்றத் தடுப்பியும் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி வேகமாக வளர்ந்தது. எலிகள் விரைவில் இறந்தன. ஒட்சியேற்றச் சிதைவு குறைந்ததால், கட்டியை அடக்கும் பி53 என்ற புரதம் விழித்துக்கொள்ளவில்லை என்று விளக்கினார்கள். எலியில் கண்டது எல்லாமே மனிதனுக்குப் பொருந்தாது. ஆனால் பின்லாந்தில் மனிதரிடம் கண்டதை ஏன் என்று விளங்கிக்கொள்ள அது வழி காட்டுகிறது.

இந்த இரட்டை முகத்தை மனிதரிடமே பொறுமையாகத் தேடியவர் அமெரிக்க நோய்ப்பரவியலாளர் கிறிஸ்டீன் அம்ப்ரோசோன். மார்பகப் புற்றுநோயில் ஒட்சியேற்றத்தின் பங்கைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். 1999இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், ஒட்சியேற்றத்தைத் தணிக்கும் ஒரு நொதியத்தின் குறிப்பிட்ட மரபணு வகையைக் கொண்ட, மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து அதிகமாகத் தெரிந்தது. பழமும் மரக்கறியும் குறைவாகச் சாப்பிட்டவர்களிடம் அது இன்னும் அதிகம். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அதை ஒரே குரலில் உறுதிப்படுத்தவில்லை. குளிசை விற்பவர்கள் இத்தகைய ஆய்வைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அதே அம்ப்ரோசோன் 2005இல் வெளியிட்டதைச் சொல்ல மாட்டார்கள். சிகிச்சை பெற்ற மார்பகப் புற்றுநோயாளர்களில், ஒட்சியேற்ற மூலக்கூறுகளை அதிகம் உண்டாக்கும் மரபணு வகை உள்ள பெண்களே கூடுதலாகப் பிழைத்திருந்தார்கள். கதிர்ச் சிகிச்சையும் வேதிச் சிகிச்சை மருந்துகள் சிலவும் புற்றுக்கலத்தைக் கொல்வதில் ஒட்சியேற்றத்துக்குப் பெரிய பங்கு இருப்பதால், அதில் வியப்பில்லை.

2020இல் அவர் குழு இன்னொரு படி போனது. வேதிச் சிகிச்சை பெற்ற 1,134 மார்பகப் புற்றுநோயாளர்களிடம், சிகிச்சைக்கு முன்பும் சிகிச்சையின்போதும் என்னென்ன குளிசை போட்டார்கள் என்று கேட்டுத் தொடர்ந்து கவனித்தார்கள். இரு காலத்திலும் ஒட்சியேற்றத் தடுப்புக் குளிசை எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து 41 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. இறுதித் தீர்ப்பாகக் கொள்ளுமளவுக்கு இந்த எண் பலமானதல்ல. தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற எல்லைக்கு அருகில் நிற்பது. ஆனாலும் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குச் சிகிச்சைக்குப் போய்வரும் ஒருவரின் கையில், வைத்தியருக்குத் தெரியாமல், "தென்பு வரும்" என்று சொல்லி விற்றமின் ஈயைத் திணிக்கும் உறவினரை நிறுத்திவைக்க இந்த அளவு எச்சரிக்கை போதும். என்ன குளிசை போடுகிறோம் என்பதைச் சிகிச்சை தரும் வைத்தியரிடம் மறைக்கக் கூடாது. ஏசுவார் என்று பயந்து மறைப்பது நோயாளிக்கே தீங்கு.

எதிர்த்தரப்பின் பலமான சான்றுகளையும் மறைக்காமல் பார்ப்போம். சீனாவின் லின்சியான் பகுதியில் ஏறத்தாழ 30,000 பேரிடம் நடந்த ஆய்வு 1993இல் வெளியானது. பீட்டா கரோட்டீன், விற்றமின் ஈ, செலீனியம் மூன்றையும் சேர்த்து எடுத்தவர்களிடையே மொத்த மரணம் 9 சதவீதம் குறைந்தது. இரைப்பைப் புற்றுநோய் மரணம் 21 சதவீதம் குறைந்தது. இது உண்மையான நன்மை. ஆனால் அந்த மக்கள் நெடுங்காலமாக ஊட்டச்சத்துக் குறைபாட்டில் வாழ்ந்தவர்கள். குறையை நிரப்பினால் உடம்பு தேறும். நிறைந்திருக்கும் உடம்பில் மேலும் கொட்டினால் தேறும் என்று அதற்குப் பொருளில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் நம் நாட்டிலும் பழமும் மீனும் குறைந்த வீடுகள் பல. அந்த வீடுகளுக்குத் தேவை சாப்பாடு. விலை உயர்ந்த போத்தல்கள் போவதோ ஏற்கெனவே நன்றாகச் சாப்பிடும் வீடுகளுக்கு.

இன்னொரு சான்று நமக்கு மிக அருகில், கேரளத்தில் கிடைத்தது. வாயில், புற்றுநோயாக மாறக்கூடிய வெள்ளைப் படலம் கண்ட 160 மீனவ ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஆர். சங்கரநாராயணன் குழுவினர் விற்றமின் ஏ, பீட்டா கரோட்டீன், வெற்றுக் குளிசை என்று பிரித்துக் கொடுத்து, 1997இல் முடிவை வெளியிட்டார்கள். விற்றமின் ஏ எடுத்தவர்களில் 52 சதவீதத்தினருக்கும், பீட்டா கரோட்டீன் எடுத்தவர்களில் 33 சதவீதத்தினருக்கும், வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 10 சதவீதத்தினருக்கும் படலம் முற்றாக மறைந்தது. இத்தோடு நிறுத்திக்கொண்டால் குளிசைக்கு வெற்றிதான். ஆனால் குளிசையை நிறுத்திய பின், விற்றமின் ஏயால் குணமானவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும், பீட்டா கரோட்டீனால் குணமானவர்களில் பாதிப் பேருக்கும் படலம் திரும்பி வந்தது. படலம் மறைவது ஒன்று, புற்றுநோய் தடுக்கப்படுவது வேறொன்று.

கேரளத்து மீனவரின் வாயில் அந்தப் படலத்தை உண்டாக்கும் பொருள்களைப் பற்றித்தான் இனிப் பேச வேண்டும். இலங்கையின் தேசிய புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடையே முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய். தோட்டத் தொழிலாளரின் மடியிலும், கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர் சட்டைப்பையிலும், ஓட்டோ ஓட்டுநரின் கைப்பிடி அருகிலும், நம் பாட்டிமாரின் வெற்றிலைப் பெட்டியிலும் இருப்பது அதன் மூலகாரணம். பாக்கில் பொலிபீனோல்கள் நிறைய உண்டு. போத்தலில் அடைத்துப் பெயர் ஒட்டினால் ஒட்சியேற்றத் தடுப்பி என்றே விற்கலாம். அதே பொலிபீனோல்கள் சுண்ணாம்பின் காரத்தோடு வாயில் கலக்கும்போது தாமே ஒட்சியேறி, சுப்பர் ஒட்சைட்டையும் ஐதரசன் பரவொட்சைட்டையும் கக்குகின்றன. பாக்கில் செப்பும் இருக்கிறது. உலோகங்கள் சேரும்போது, டி.என்.ஏ.யைத் தாக்குவதில் மிகக் கொடிய மூலக்கூறு உருவாகிறது. ஊர்மிளா நாயர், ஹெல்முட் பார்ட்ஷ் உள்ளிட்டோர் இதை 1987இலேயே ஆய்வுகூடத்தில் காட்டினார்கள். பப்புவா நியூகினியில் சுண்ணாம்பைத் தனியாகக் கன்னத்தின் உட்புறத்தில் வைத்து மெல்லும் வழக்கம் உண்டு. அங்கு அது படும் இடத்திலேயே புற்று முளைப்பதை 1992இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது.

தடுப்பி என்று பெயர் பெற்ற பொருளே இடம் மாறினால் தாக்கும் பொருளாகிறது. ஒட்சியேற்ற எதிர்ப்பு என்பது ஒரு மூலக்கூறின் நிரந்தரக் குணம் அல்ல. எங்கே, எதோடு, எவ்வளவு என்பதைப் பொறுத்து அது மாறும். குளிசைக் கொள்கையின் அடித்தளமே இங்கே உடைகிறது.

"நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்ற ஆறுதலும் செல்லாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2003இல் கூடி, புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், பாக்கு தனியாகவும் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதிசெய்தது. 2016இல் இலங்கை, புகையில்லாப் புகையிலைப் பொருள்களைத் தடைசெய்தது. நல்ல சட்டம். ஆனால் பாக்கு நம் பழக்கத்திலேயே இருக்கிறது. சுபகாரியத்துக்கு வெற்றிலை வைத்து அழைப்பது நம் மரபு. அதை யாரும் பறிக்க வேண்டியதில்லை. தட்டில் வைத்துக் கொடுப்பது வேறு, கன்னத்துக்குள் மணிக்கணக்கில் அடக்கி வைத்திருப்பது வேறு.

சோதித்து, உயிர் காக்கும் என்று நிறுவப்பட்ட வழியும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 1,90,000 பேரைக் கொண்டு சங்கரநாராயணன் குழுவினர் நடத்திய ஆய்வு 2005இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகப் போய், வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பாவிப்பவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது. அதற்கும் முன்பே, 1984இல், சமன் வர்ணகுலசூரிய உள்ளிட்டோர், நம் நாட்டின் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களே வாய்ப்புற்றையும் அதன் முன்நிலைகளையும் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டியிருந்தார்கள். கண்ணும் வெளிச்சமும் பயிற்சியும் போதும். இதற்குப் போத்தல் கிடையாது, விளம்பரமும் கிடையாது. அதனால்தான் இது நம் காதுக்கு வரவில்லை.

"நீர்கொழும்பு வீதிப் புகையில் நாள் முழுக்க நிற்கிறோம், ஏதாவது போட வேண்டாமா?" என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. வெளிக்காற்று மாசும் புற்றுநோய்க் காரணி என்று 2013இல் அதே முகமை அறிவித்தது. அந்தக் கவலைக்குரிய பதில் தூய பேருந்தும், கட்டுப்பாடுள்ள வாகனப் புகையும், எரிக்கப்படாத குப்பையும். அதை நகரசபையிடமும் அரசாங்கத்திடமும் கேட்க வேண்டும். தனி மனிதன் குளிசை விழுங்கிச் சமாளிக்கட்டும் என்று விடுவது பொறுப்பைத் தட்டிக்கழிக்க உதவும்.

பழமும் கீரையும் சாப்பிடுங்கள். வல்லாரையும் முருங்கையும் பப்பாசியும் நம் சந்தையில் கிடைக்கின்றன. அவற்றுக்கு எதிராக இங்கே ஒரு சொல்லும் இல்லை. குறைபாடு இருந்தால் வைத்தியர் தரும் விற்றமினை எடுங்கள். புற்றுநோய்க்குக் காவல் என்று சொல்லி விற்கும் போத்தலை மட்டும் கீழே வையுங்கள். வீட்டில் புகைப்பவர் இருந்தால், அந்தப் பணத்தையும் பாசத்தையும் அவர் புகையை விடுவதற்குச் செலவிடுங்கள். வெற்றிலை மெல்லும் அம்மாவையோ மாமாவையோ இந்த மாதமே அரசாங்க வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், கட்டணம் கிடையாது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புப் படலம், இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். ஆரம்பத்தில் பிடித்தால் வாய்ப் புற்றுநோயைக் குணப்படுத்தலாம்.